ஓய்வுக்குப் பிறகு வாங்கும் கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுபதைத் தாண்டியவர்கள் பழைய காரை மாற்ற நினைக்கும்போது கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். வரி, ஆர்.டி.ஓ. விவரங்கள் தமிழ்நாட்டுக்கு உரியவை.

மைலேஜ் பற்றி இங்கே ஒரு கேள்வியும் இல்லை, வேண்டுமென்றேதான். மாதம் 250 கி.மீ. ஓட்டுபவருக்கு, லிட்டருக்கு 15 கொடுக்கும் வண்டிக்கும் 20 கொடுக்கும் வண்டிக்கும் உள்ள வித்தியாசம் சுமார் நான்கு லிட்டர், அதாவது நானூறு ரூபாய்ச் சொச்சம். கதவும் இருக்கையும் உடம்புக்கு ஒத்துவராத வண்டியை வாங்கினால் பிசியோதெரபிக்கு அதைவிட அதிகம் போகும்.

"2011 மாடல், நல்லாத்தான் ஓடுது. எதுக்கு சார் மாத்தணும்?"

நன்றாக ஓடுகிறது என்றால் மாற்றியே தீர வேண்டும் என்று இல்லை. ஆனால் பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகள் முடிந்ததும் ஆர்.சி. காலாவதியாகும். முடிவதற்கு 60 நாள் இருக்கும்போதிலிருந்து ஃபார்ம் 25 கொடுத்து, வண்டியை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டி எப்.சி. (தகுதிச் சான்று) வாங்கினால் இன்னும் 5 ஆண்டுகள் கிடைக்கும். காருக்கு மறுபதிவுக் கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டுகளைத் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. பசுமை வரி தனி. எப்.சி.க்கு முன் டிங்கரிங், பெயின்ட், டயர், முகப்பு விளக்கு என்று ஆகும் செலவுதான் உண்மையான செலவு.

யோசிக்க வைக்க வேண்டியது பாதுகாப்பு. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். பிரேக் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது 2019 ஏப்ரலில். ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையில். முன்னால் இருவருக்கும் ஏர்பேக் 2021 கடைசியில். 2011-இல் நடுத்தர வேரியன்டுகளில் பலவற்றுக்கு இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. முப்பது வயதில் தாங்கும் மோதலை எழுபது வயது விலா எலும்பு தாங்காது.

இன்னொன்று பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 2023 ஏப்ரலுக்கு முன் வந்த பெரும்பாலான வண்டிகளின் ரப்பர் ஹோஸ், சீல், ஓ-ரிங் எல்லாம் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. வண்டி உடனே நின்றுவிடாது. பெட்ரோல் வாடை, காலையில் ஸ்டார்ட் ஆகத் தாமதம் என்று மெதுவாகத்தான் தெரியும். வைத்துக்கொள்வதானால் ஆண்டுக்கு ஒருமுறை எரிபொருள் குழாய்களை மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வழக்கமான சர்வீஸ் போக, ரிப்பேருக்கு மட்டும் ஓர் ஆண்டில் ஆகும் செலவு வண்டியின் விற்பனை விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் மாற்றிவிடலாம் என்பது எங்கள் கணக்கு.

"டெல்லி மாதிரி இங்கயும் 15 வருஷம் ஆனா வண்டியைப் பிடிச்சுடுவாங்களா?"

இல்லை. டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்ற கட்டுப்பாடு டெல்லி தலைநகர்ப் பகுதிக்கானது. இங்கே எப்.சி. கிடைக்கும்வரை தனியார் காரை ஓட்டலாம். இந்தப் பயத்தைக் காட்டி அடிமாட்டு விலைக்குக் கேட்கும் புரோக்கர்கள் உண்டு.

"ஏறி இறங்கத்தான் கஷ்டமா இருக்கு. எந்த வண்டி சரியா இருக்கும்?"

பிராண்டை மறந்துவிட்டு ஒரு இஞ்ச் டேப்பை எடுத்துக்கொண்டு ஷோரூம் போங்கள். திறந்த கதவுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். இருக்கையின் ஓரம் முட்டிக்கு மேலும் தொடையின் நடுப்பகுதிக்குக் கீழும் படவேண்டும். முட்டிக்குக் கீழே பட்டால், எழும்போது உடம்பின் பாரம் முழுக்க முட்டியில் இறங்கும். செடான் கார்களில் முட்டிவலிக்காரர்கள் படும் பாடு இதுதான். தொடை நடுவுக்கு மேலே போனால் ஏறிக் குதிக்க வேண்டியிருக்கும். சராசரி உயரக்காரர்களுக்குத் தரையிலிருந்து 55 முதல் 65 செ.மீ. வரை சரியாக வரும்.

அடுத்து கதவுக்குக் கீழே இருக்கும் படி போன்ற பகுதி. அதன் வெளி விளிம்பிலிருந்து இருக்கை வரை அகலம் அதிகமானால், உட்கார்ந்த பிறகு காலைத் தூக்கித் தாண்டி வைக்க வேண்டும். புடவை கட்டுபவர்களுக்கு இது இரட்டைத் தொல்லை, மழைக்காலச் சேறு அத்தனையும் கொசுவத்தில்தான். கூரை விளிம்பில் தலை இடிக்கிறதா, கதவு எவ்வளவு அகலம் திறக்கிறது என்றும் பாருங்கள். டாடா பன்ச், ஆல்ட்ரோஸ் இரண்டிலும் கதவுகள் 90 டிகிரி திறக்கும். வாக்கர் வைத்து நடப்பவர் வீட்டில் இருந்தால் அதன் அருமை தெரியும்.

ஒருமுறை ஏறிப் பார்த்தால் எல்லா வண்டியும் வசதியாகத்தான் தெரியும். தொடர்ந்து ஐந்து முறை ஏறி இறங்குங்கள். ஐந்தாவது முறைதான் உண்மையைச் சொல்லும். ஏறும் முறையும் முக்கியம்: முதலில் பின்புறத்தை இருக்கையில் வைத்து உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். ஒரு காலை மட்டும் உள்ளே வைத்து உடம்பை முறுக்கி நுழைவது, முட்டி மாற்று அறுவை செய்தவர்களுக்கு ஆகாது. வீட்டில் யாருக்கு அதிகச் சிரமமோ அவரையும் கூட்டிப்போங்கள். ஓட்டுபவர் மட்டும் போய்த் தேர்ந்தெடுத்துவிட்டு, பின் இருக்கையில் அம்மாவால் ஏற முடியவில்லை என்று வருந்துவது அடிக்கடி நடக்கிறது.

"அப்போ எஸ்.யூ.வி.தானே நல்லது? உயரமா இருக்கே?"

சின்ன எஸ்.யூ.வி. சரி, பெரியது வேண்டாம். ஃபுட்போர்டு வைத்து ஏற வேண்டிய வண்டி எதுவும் பத்து ஆண்டுக்கு உதவாது. அகலத்தையும் பாருங்கள். கண்ணாடிகளை விரித்தால் உடல் அகலத்தைவிட 20 முதல் 25 செ.மீ. கூடும். வேகன்-ஆர் 162 செ.மீ. அகலம், பன்ச் 174. இந்த 12 செ.மீ. வித்தியாசம், பழைய தெருவில் ஏழடி கேட் வைத்த வீட்டில் தினமும் தெரியும்.

"நாப்பது வருஷமா கியர் வண்டி. இந்த வயசுல ஆட்டோமேட்டிக் பழக முடியுமா?"

முடியும். மாறுவதானால் முட்டி நன்றாக இருக்கும்போதே மாறுவது நல்லது. கிளட்ச்சை மிதிக்க முடியாமல் போன பிறகு, அந்த வலியோடு புதுப் பழக்கத்தையும் கற்பது கடினம். 62 வயதில் மாறுபவர் சில வாரங்களில் பழகிவிடுவார்.

பழகும் முறை: ஞாயிறு காலை ஆறு மணிக்குக் காலியான மைதானம் ஒன்றுக்குப் போங்கள். இடது காலை முழுக்கப் பின்னால் இழுத்து வையுங்கள், அதற்கு இனி வேலையே இல்லை. டி-யில் (முன்னால் ஓடும் நிலையில்) போட்டு ஆக்சிலரேட்டரைத் தொடாமல், பிரேக்கை மட்டும் தளர்த்தி வண்டியைத் தானாக ஊர விடுங்கள். பார்க்கிங் முழுவதையும் இந்த ஊர்தலிலேயே செய்யப் பழகுங்கள். இருபது முறை ரிவர்ஸ், இருபது முறை நிறுத்தம். மூன்று ஞாயிறு போதும்.

"பிரேக்னு நினைச்சு ஆக்சிலரேட்டரை மிதிச்சுட்டா? பேப்பர்ல படிக்கிறோமே?"

நியாயமான பயம். இது நடப்பது பெரும்பாலும் பார்க்கிங்கில், அதிலும் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கும்போது. உடம்பு முறுகும்போது குதிகால் நகர்ந்துவிடுகிறது. பிரேக் என்று மிதிக்கும் இடத்தில் ஆக்சிலரேட்டர் இருக்கிறது. வண்டி பாய்ந்ததும் பதறி இன்னும் ஆழமாக மிதிக்கிறோம்.

தவிர்க்கும் வழி எளிது. வலது குதிகாலைப் பிரேக்குக்கு நேராகத் தரையில் ஊன்றி, ஆக்சிலரேட்டருக்கு முன்பாதத்தை மட்டும் சாய்க்க வேண்டும். ரிவர்ஸ் கேமரா இருந்தால் உடம்பை முறுக்கும் தேவை குறையும், ஆகவே எங்கள் பட்டியலில் அது ஆடம்பரம் அல்ல. மேலே சொன்ன ஊர்ந்து நிறுத்தும் பழக்கம் வந்துவிட்டால் பார்க்கிங்கில் கால் ஆக்சிலரேட்டர் பக்கமே போகாது. செருப்பு விஷயமும் உண்டு: பின்பட்டை இல்லாத ரப்பர் செருப்போடு ஓட்டாதீர்கள். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் ஓட்டலாமா என்பதை முதலில் டாக்டரிடம் கேளுங்கள். காலுக்கு மிதி தெரியாவிட்டால் எந்தப் பழக்கமும் காப்பாற்றாது.

"ஏ.எம்.டி., சி.வி.டி., டி.சி.டி.ன்னு சொல்றாங்க. எது வாங்கறது?"

ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சையும் கியரையும் நமக்குப் பதில் ஒரு மோட்டார் இயக்குகிறது. விலை குறைவு, சின்ன ஊரிலும் சர்வீஸ் கிடைக்கும். கியர் மாறும்போது லேசாகத் தலை ஆடும். அதன் எதிரி ஏற்றம். அடுக்குமாடி பேஸ்மென்ட் சரிவில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து வண்டியை அந்தரத்தில் பிடித்து வைத்தால் கிளட்ச் உரசிச் சூடாகிக் கருகும். ஏற்றத்தில் நிற்கும்போது பிரேக் அல்லது ஹேண்ட்பிரேக்தான். கிளட்ச் மாற்றினால் கம்ப்யூட்டரில் இணைத்து அளவு பொருத்த வேண்டும். தெருமுனை மெக்கானிக்கால் ஆகாது.

சி.வி.டி.யில் கியர் மாறுவதே தெரியாது. நகர நெரிசலுக்கும் கழுத்துவலிக்கும் மிக உகந்தது. ஹோண்டா அமேஸில் இருப்பது இது. டார்க் கன்வெர்ட்டர் என்பது பழைய ஆட்டோமேட்டிக் முறை. கொஞ்சம் பெட்ரோல் குடிக்கும், ஆனால் ஏற்றத்திலும் நெரிசலிலும் அலட்டிக்கொள்ளாது. டி.சி.டி. இரட்டைக் கிளட்ச் கொண்டது, வேகத்துக்கானது. உலர் கிளட்ச் வகையை நெரிசலில் ஊர்ந்தே ஓட்டினால் சூடாகி எச்சரிக்கை காட்டும். மாதம் 250 கி.மீ. நகரத்துக்குள் ஓட்டுபவருக்கு அது தேவையில்லை.

"டீசலா, பெட்ரோலா, கேஸா, கரண்ட்டா?"

டீசல் வேண்டவே வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.-6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி உண்டு. அது சேர்ந்த கரியை எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள, வண்டி கால் மணி நேரமாவது நல்ல வேகத்தில் ஒரே சீராக ஓட வேண்டும். காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் போனால் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும், பிறகு வண்டி வேகம் எடுக்காது. பல சி.என்.ஜி. கார்களில் டிக்கியின் பெரும்பகுதியை சிலிண்டர் எடுத்துக்கொள்ளும், வீல்சேர் வைக்க முடியாது. மூன்றாண்டுக்கு ஒருமுறை சிலிண்டரைச் சோதிக்கவும் வேண்டும். குறைவாக ஓட்டுபவருக்கு இந்தத் தொல்லைக்கேற்ற மிச்சம் கிடையாது.

எலெக்ட்ரிக் கார் உங்கள் ஓட்டத்துக்குப் பொருந்தும். கிளட்ச் இல்லை, எஞ்சின் ஆயில் இல்லை. டியாகோ ஈவி போன்ற சின்ன வண்டிக்கு வீட்டில் ஏ.சி.க்குப் போடும் 15 ஆம்பியர் பிளக்கே போதும், இரவில் போட்டால் காலையில் நிறைந்திருக்கும். எர்த் மட்டும் சரியாக இருக்க வேண்டும், எலெக்ட்ரீஷியனை விட்டுப் பாருங்கள். அடுக்குமாடியில் சங்கத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள். எம்.ஜி. காமெட் மலிவாகத் தெரியும், ஆனால் அதற்கு இரண்டே கதவு. பின்னால் பெரியவர்கள் ஏற முடியாது.

மற்ற எல்லாருக்கும் பெட்ரோல், டர்போ இல்லாதது.

"டாப் மாடலே வாங்கிடலாமா? கடைசி வண்டி இதுதானே?"

வேண்டியவை இவை: உயரம் மாற்றக்கூடிய ஓட்டுநர் இருக்கை, சாய்க்கக்கூடிய ஸ்டியரிங், ரிவர்ஸ் கேமரா, பின் கண்ணாடிக்கு வைப்பரும் டீஃபாகரும், பகல்-இரவு மாற்றும் உள் கண்ணாடி, ஆறு ஏர்பேக், பின்னால் நடுவில் உட்காருபவருக்கும் மூன்று முனை பெல்ட். பெரும்பாலும் நடு வேரியன்டுக்கு ஒரு படி மேலே இவை கிடைத்துவிடும். சன்ரூஃப் நம் வெயிலுக்கு எதற்கு? பெரிய அலாய் வீலில் டயரின் பக்கச்சுவர் ஒல்லியாகும், ஒவ்வொரு குழியும் இடுப்பில் தெரியும். ஏ.சி.க்குத் திருகும் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டிக்கொண்டே தொடுதிரையில் விரல் தேடுவது எந்த வயதிலும் ஆபத்து.

ஒரு வரிக் கணக்கும் உண்டு. தமிழ்நாட்டில் ஆயுள்கால சாலை வரி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதற்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.9 லட்ச வண்டிக்கு வரி சுமார் 1.29 லட்சம், 10.2 லட்ச வண்டிக்கு 1.84 லட்சம். விலை முப்பதாயிரம் கூடினால் வரி ஐம்பத்தைந்தாயிரம் கூடுகிறது. 10 லட்சத்தைத் தாண்டினால் ஒரு சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வருமான வரி) வேறு பிடிப்பார்கள். அதை வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், பலர் மறந்துவிடுகிறார்கள்.

"சுத்தி வளைக்காம ஒரு பேரைச் சொல்லுங்க."

குறுகிய தெரு, இரண்டு பேர், பெரும்பாலும் நகரத்துக்குள் என்றால் வேகன்-ஆர் ஏ.ஜி.எஸ். (ஏ.எம்.டி.க்கு மாருதி வைத்த பெயர்). நீளம் 3,655 மி.மீ., திரும்பும் ஆரம் 4.7 மீட்டர், உயரமான கூரை. ஊருக்கு ஊர் மெக்கானிக்கும் பாகமும் உண்டு. பாதுகாப்பு மதிப்பெண்ணில் அது பின்தங்கியது. குளோபல் என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான். வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் போவீர்கள் என்றால் எங்கள் பரிந்துரை மாறும்.

நெடுஞ்சாலையும் உண்டு, ஏறவும் எளிதாக வேண்டும் என்றால் பன்ச் அல்லது எக்ஸ்டர். டிக்கி பெரிதாக வேண்டும், முட்டி நன்றாக இருக்கிறது என்றால் அமேஸ் சி.வி.டி. அல்லது டிசையர். டிசையரின் 2024 மாடல் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. ஆனால் செடானின் தாழ்ந்த இருக்கை பற்றி மேலே சொன்னதை ஒருமுறை படித்துவிட்டு முடிவெடுங்கள்.

"புதுசா வாங்கலாமா, செகண்ட்ஸ் போதுமா?"

2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1,200 சி.சி. வரையுள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. அதனால் மூன்று ஆண்டு ஓடிய வண்டிக்கும் புதியதற்கும் இருந்த இடைவெளி சுருங்கிவிட்டது. எட்டு, பத்து ஆண்டு வைத்திருக்கப் போகிறீர்கள், அலைய ஆளில்லை என்றால் புதியதே நிம்மதி.

செகண்ட்ஸ் என்றால் 2022-க்குப் பிந்தைய பதிவு, ஒரே ஓனர், கம்பெனி சர்வீஸ் வரலாறு உள்ளதாகப் பாருங்கள். இரண்டு ஏர்பேக், ஏ.பி.எஸ்., பார்க்கிங் சென்சார் எல்லாம் தானாகவே இருக்கும். இந்தியாவில் விற்பனையை நிறுத்திய கம்பெனிகளின் வண்டிகள் மலிவாக வரும். செவர்லே 2017-இல் நிறுத்தியது, ஃபோர்டு 2021-இல் அறிவித்தது. ஓட்டத்தில் குறை சொல்ல முடியாது, ஆனால் ஒரு பாகத்துக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். உங்களுக்கு வேண்டாம்.

"வெள்ளத்துல மூழ்குன வண்டியை எப்படிக் கண்டுபிடிக்கறது?"

2015, 2023 டிசம்பர் வெள்ளங்களுக்குப் பிறகு இந்தக் கேள்வி குறையவே இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவுங்கள். சுத்தம் செய்பவர்கள் பெரும்பாலும் உள்ளே சுருண்ட பகுதியைத் தொடுவதில்லை. சேற்றுக் கோடு அங்கேதான் இருக்கும். ஸ்டெப்னியைத் தூக்கி அதன் குழியைப் பாருங்கள், மணலும் துருவும் தெரியும். இருக்கைத் தண்டவாளத்தின் போல்டுகளில் துரு, தரைவிரிப்புக்கு அடியில் ஈர வாடை, முகப்பு விளக்குக்குள் மங்கல், இவையும் அடையாளங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்த வண்டியைச் சந்தேகியுங்கள்.

மற்ற சோதனைகள்: நீங்கள் போவதற்கு முன் எஞ்சினை ஓட்டி வைக்கக் கூடாது என்று சொல்லி, ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். நீலப்புகை வந்தால் ஆயில் எரிகிறது. டயரின் பக்கச்சுவரில் உள்ள கடைசி நான்கு எண்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு: 1422 என்றால் 2022-இன் 14-ஆவது வாரம். "15,000 கி.மீ.தான் ஓடியிருக்கு" என்று சொல்லும் 2022 வண்டியில் 2025 டயர் நான்கு இருந்தால் மீட்டரை நம்பாதீர்கள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் ஆர்.சி., கடன், அபராதம் மூன்றையும் பாருங்கள். வங்கிக் கடன் இருந்து முடிந்திருந்தால் ஃபார்ம் 35-உம் வங்கியின் தடையின்மைச் சான்றும் கைக்கு வந்த பிறகே முழுப்பணம்.

"இன்சூரன்ஸை ஷோரூம்லயே போடச் சொல்றாங்க. போடணுமா?"

கட்டாயம் இல்லை. வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டு அதைக் காட்டினாலே பல ஷோரூம்களில் குறைப்பார்கள். முக்கியமான விஷயம் நோ கிளெய்ம் போனஸ். அது வண்டிக்கு அல்ல, உங்களுக்கு உரியது. ஐந்து ஆண்டுகள் கிளெய்ம் இல்லாமல் இருந்தால் 50 சதவீதம். புது வண்டியின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் கழியும். பழைய வண்டியை விற்றதும் கம்பெனியிடம் அதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள், மூன்று ஆண்டுகள் செல்லும். பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கும் அவசரத்தில் இதைக் கேட்க மறந்து பல ஆயிரங்களை இழப்பவர்கள் நிறைய.

கூடுதல் கவரில் ஜீரோ டிப்ரிசியேஷன் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காதது), எஞ்சின் பாதுகாப்பு, சாலையோர உதவி மூன்றும் எடுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால், எஞ்சின் கவர் இல்லாதவருக்குச் சாதாரணப் பாலிசி பெரும்பாலும் கைகொடுக்காது.

"லைசென்ஸ் முடியப்போகுது. இந்த வயசுல புதுப்பிப்பாங்களா?"

உயர் வயது வரம்பு கிடையாது. 55 வயதுக்குப் பின் ஒவ்வொரு முறையும் 5 ஆண்டுகளுக்குத் தருவார்கள். டாக்டர் கையெழுத்திட்ட ஃபார்ம் 1-ஏ வேண்டும். காலாவதிக்கு ஓர் ஆண்டு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிந்து ஓர் ஆண்டைத் தாண்டவிட்டால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும். கண்புரை அறுவை திட்டத்தில் இருந்தால் அதை முடித்துவிட்டு, பிறகு வண்டி பார்ப்பது நல்லது. இரவில் எதிர்விளக்கு கூசுவதை வண்டியின் குறை என்று நினைத்து முகப்பு விளக்கை மாற்றுபவர்கள் உண்டு.

"மாசம் 250 கிலோமீட்டர்தான். கார் தேவையா, டாக்சியே போதுமா?"

கணக்குப் போடுவோம். 8 லட்சம் விலையுள்ள வண்டி வரி, இன்சூரன்ஸ் சேர்த்து சுமார் ஒன்பதரை லட்சம். எட்டு ஆண்டு கழித்து 3 லட்சத்துக்குப் போனால் ஆண்டுக்கு 81,000 தேய்மானம். இன்சூரன்ஸ் 20,000, சர்வீஸ், டயர், பேட்டரி சராசரியாக 15,000, பெட்ரோல் 20,000 என்று வைத்தால் ஆண்டுக்கு 1.36 லட்சம், மாதம் பதினோராயிரத்துச் சொச்சம். கிலோமீட்டருக்கு 45 ரூபாய்.

சென்னை, கோவை போன்ற ஊரில் அந்தப் பணத்துக்கு ஆப் டாக்சியில் தாராளமாகச் சுற்றலாம், வெளியூருக்கு ஆள் வைத்தும் போகலாம். சின்ன ஊரில் நடு இரவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்தால் வர வண்டி இல்லை என்றால் கணக்கு வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி: சொந்தக் கார், பகலில் பக்கத்துக்கு நீங்கள், இரவுக்கும் நெடுந்தூரத்துக்கும் ஆக்டிங் டிரைவர். அப்படியென்றால் முன்னால் இடதுபக்க இருக்கையின் ஏற்ற இறக்கத்தையும் மேலே சொன்ன டேப் கொண்டு அளந்து பாருங்கள். நீங்கள் அதிகம் உட்காரப்போவது அங்கேதான்.

"அதிகம் ஓட்டறதில்ல. சர்வீஸைத் தள்ளிப் போடலாமா?"

கூடாது. 10,000 கி.மீ. அல்லது ஓர் ஆண்டு, எது முன்னால் வருகிறதோ அதுதான் கணக்கு. குறுகிய ஓட்டத்தில் எஞ்சின் முழுச் சூடு ஏறாமல் ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் சேரும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டயரில் பட்டன் இருந்தாலும் ஆறு ஆண்டுக்கு மேல் வேண்டாம்.

வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது பேட்டரியை நிரப்பாது, இன்னும் காலியாக்கும். அப்போதே பானெட்டைத் திறந்து எலிப் புழுக்கை, கடித்த ஒயர் இருக்கிறதா பாருங்கள். புகையிலை கட்டித் தொங்கவிடுவது சில நாளைக்கு. அடிக்கடி வண்டி நகர்வதுதான் எலிக்குப் பிடிக்காதது.

"பழைய வண்டியை வித்துட்டேன், பணமும் வந்தாச்சு. வேற என்ன வேலை?"

பெயர் மாறும்வரை சட்டப்படி வண்டி உங்களுடையதுதான். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஃபார்ம் 29 மூலம் தெரிவிக்க வேண்டும், வாங்குபவர் ஃபார்ம் 30-இல் விண்ணப்பிக்க வேண்டும். சாவியைக் கொடுக்கும்போது தேதி, மணி, மீட்டர் அளவு எழுதிய ரசீதில் கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் வாங்குங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு டீலரிடம் விட்டுவிடாதீர்கள். ஃபாஸ்டேக்கை மூடுங்கள். ஒரு மாதம் கழித்துப் பரிவாகனில் பெயர் மாறியதா என்று நீங்களே பாருங்கள்.

"வண்டியை வீட்டம்மா பேர்ல எடுக்கலாமா? பின்னால பிரச்சனை இருக்காதே?"

எடுக்கலாம், ஆனால் இரண்டு சிக்கல். நோ கிளெய்ம் போனஸ் உங்கள் பெயரில் இருப்பதால் அவர் வண்டிக்கு வராது. உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு, உரிமையாளரிடம் லைசென்ஸ் இருந்தால்தான் கிடைக்கும். அவருக்கு லைசென்ஸ் இல்லை, நீங்கள் ஓட்டுகிறீர்கள் என்றால் அந்தக் காப்பு இருவருக்குமே இல்லை. தனி விபத்துப் பாலிசி எடுக்க வேண்டியிருக்கும்.

பின்னால் பெயர் மாற்றம் எளிதாக இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கமென்றால் அதற்கு வேறு வழி உண்டு. 2021 முதல் ஆர்.சி.யிலேயே நாமினி பெயரைச் சேர்க்கலாம். பதிவின்போதே சேர்க்கலாம், பிறகும் சேர்க்கலாம். உரிமையாளர் இறந்தால் நாமினி 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் ஃபார்ம் 31 கொடுத்தால் போதும். ஷோரூமில் பதிவுப் படிவம் நிரப்புபவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவது வழக்கம். கையெழுத்துப் போடும் முன் அதை நிரப்பச் சொல்லுங்கள்.